குடலுக்குள் ஒளிந்திருப்பதைத் தட்டில் பிடிப்பது: கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ஏன் நான்கு நாள்?

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருந்தார் அந்த அம்மா. காபி எஸ்டேட்டில் வேலை. சேலத்தில் பெரிய ஆபரேஷன் ஒன்றுக்கு நாள் குறித்திருந்தார்கள். டாக்டர் எழுதிய சீட்டில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் போக, கடைசி வரியில் ஆசனவாயில் பஞ்சுக் குச்சி வைத்து எடுக்கும் ஸ்வாப் டெஸ்ட். நான் அப்போது ஊரில் ஒரு லேபில் மைக்ரோபயாலஜி பக்கம் இருந்தேன்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லீங்க தம்பி, நல்லாத்தான் இருக்குது. இது எதுக்கு?"

"மருந்துக்கு அடங்காத கிருமி ஏதாச்சும் உள்ள இருக்குதான்னு பாக்கறதுக்குங்கம்மா."

"எப்ப வரும்?"

"நாலு நாள் ஆகும்."

"ரத்தம் குடுத்தா மத்தியானத்துக்குள்ள குடுத்துடறீங்க. இதுக்கு நாலு நாளா?"

நோயே இல்லாத வயிற்றில் எதைத் தேடுகிறீர்கள், தேடுவதற்கு ஏன் இத்தனை நாள் என்று இரண்டே கேள்விதான் கேட்டார். பின்னால் வரிசை நின்றதால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குச் சொல்ல விட்டதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கிராம் மலத்தில் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி காற்று பட்டாலே வாழ முடியாத வகை. நம் டெஸ்ட்டில் அவை வளரவே வளராது. அவற்றை நாம் தேடவும் இல்லை. நாம் தேடுவது ஈ.கோலி, கிளெப்சியெல்லா என்ற சிறுபான்மையை. 1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதியதுதான் ஈ.கோலி, அதன் முழுப்பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. குடலில் உள்ள மொத்தக் கூட்டத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சிறுபான்மைக்குள்ளும் மருந்துக்கு அடங்காதது ஆயிரத்தில் ஒன்றாக இருக்கலாம், லட்சத்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

செவ்வாய்பேட்டை மண்டியில் இறங்கும் ஒரு லாரி அரிசியில் நாலைந்து கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறத்தில் புடைத்து எடுப்பது நடக்கிற காரியமா? வேறு வழி ஒன்று இருக்கிறது. அரிசியை மட்டும் கரைத்துவிடும் திரவம் ஒன்று கையில் இருந்தால், மொத்தத்தையும் அதில் கொட்டிவிடலாம். கடைசியில் கல் மட்டும் மிஞ்சும். எதிர்ப்புக் கிருமியைத் தேடும் கல்ச்சர் முறைகள், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறைகள் அத்தனையும் இந்த ஒரே யுக்தியின் வெவ்வேறு உருவங்கள்தான். அவற்றின் தவறுகளும் இங்கிருந்தே கிளம்புகின்றன: திரவம் காரமாகிவிட்டால் சில கற்களும் கரையும், நீர்த்துப்போனால் கொஞ்சம் அரிசியும் தங்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்க வைக்க வேண்டுமானால் அதைப் பெருக்க வேண்டும். நல்ல தீனியும் 37 டிகிரிச் சூடும் கிடைத்தால் ஈ.கோலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். எட்டு மணி நேரத்தில் ஒன்று ஒரு கோடியே 67 லட்சம். பத்து மணி நேரத்தில் நூற்றேழு கோடி. நடைமுறையில் தீனி குறையும், கழிவு சேரும், வேகம் தணியும். ஆனாலும் சாயங்காலம் வைத்த தட்டில் காலையில் கடுகளவு புள்ளி தெரிவது இந்தக் கணக்கால்தான். அந்தப் புள்ளிக்கு லேபில் காலனி என்று பெயர். ஒவ்வொரு படிக்கும் ஓர் இரவு. நான்கு நாள் என்பது எங்கள் சோம்பல் இல்லை, நான்கு முறை விடிய வேண்டியிருக்கிறது.

புள்ளி தனித்தனியாக நிற்க வேண்டுமானால் தரை கெட்டியாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜெலட்டினைத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் சூடானால் அது இளகிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் மேசைமேலேயே கஞ்சியாகிவிடும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று கரைத்தும் விட்டன. அங்கே வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனிதான் 1881 வாக்கில் அகாரைச் சொன்னவர். ஜாவாவில் வாழ்ந்திருந்த பக்கத்து வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்ட சமையல் குறிப்பு அது. நோன்பு மாதத்தில் நம் ஊர்களில் காய்ச்சும் கடல்பாசி இனிப்புக்குப் போடும் அதே பொருள்தான். கொதிக்கும் அளவுக்குப் போனால்தான் கரையும், நாற்பது டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். 37 டிகிரியில் இரவெல்லாம் வைத்தாலும் அசையாது. மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகார் தரும் பாசிகள். மூடி போட்ட கண்ணாடித் தட்டை ஜூலியஸ் பெட்ரி 1887இல் அறிமுகப்படுத்தினார். இந்த நூற்று நாற்பது வருடங்களில் தட்டு கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது. பெரிதாக வேறொன்றும் மாறவில்லை.

மலைமேல் லேப் வைக்க நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. தட்டில் ஊற்றும் அகாரும் தீனியும் சேர்ந்த கலவைக்கு ஊடகம் என்று பெயர். அதில் ஏற்கெனவே இருக்கும் கிருமியைக் கொல்ல, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் 121 டிகிரி, கால் மணி நேரம் வைப்போம். கீழே சமவெளியில் அழுத்தம் காட்டும் முள் 15 பவுண்டு காட்டினால் 121 டிகிரி வந்துவிட்டது என்று பொருள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கிறது என்று மலைக்குக் குடிபோனவர்கள் சொல்வது இதனால்தான். அதே 15 பவுண்டில் ஆட்டோகிளேவுக்குள் 118 டிகிரிதான் இருக்கும். இரண்டரை பவுண்டு சேர்த்து வைக்காவிட்டால், சூட்டைத் தாங்கும் ஸ்போர்கள் (சில கிருமிகள் ஓடு போட்டு உறங்கும் வடிவம்) பிழைத்து, ஸ்வாப்பே தொடாத தட்டிலும் ஏதோ முளைக்கும்.

ஸ்வாப் முதலில் போய்ச் சேரும் இடம் மெக்கான்கி அகார். ஆல்ஃபிரட் மெக்கான்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் சாக்கடைக் கழிவை ஆராய அமைத்த அரசு ஆணையத்துக்காக வேலை செய்தவர். அவருடைய சமையல் புத்திசாலித்தனமானது. முதலில் பித்த உப்பு. குடலில் வாழப் பழகிய கிருமிக்குப் பித்தம் ஒரு பொருட்டில்லை. தோலில் இருந்தும் காற்றில் இருந்தும் வந்து விழும் பல கிருமிகள் அதில் சுருண்டுவிடும். அடுத்து லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. கூடவே அமிலம் பட்டால் சிவக்கும் நியூட்ரல் ரெட் சாயம். பால் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும் ஈ.கோலி, ரோஸ் மில்க் நிறத்தில் தட்டையான காலனியாக உட்காரும். கிளெப்சியெல்லாவும் அதே நிறம்தான். ஆனால் வெண்டைக்காயை வெட்டிய கத்தி மாதிரி வழவழப்பு, லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டால் நூலாக இழுபடும். லாக்டோஸைத் தொடாத சால்மொனெல்லா, ஷிகெல்லா எல்லாம் நிறமில்லாமல் வெளுத்து நிற்கும். ஐந்தாறு வருடம் லேபில் இருந்த யாரும் மூடியைத் திறக்காமலேயே பாதி பதிலைச் சொல்லிவிடுவார்கள். மீதிப் பாதியில்தான் மாட்டிக்கொள்வோம் என்பது வேறு கதை.

இதுவரை முதல் சலிப்பு. அரிசி இன்னும் மலையாகக் கிடக்கிறது, ஏனென்றால் மருந்துக்கு அடங்கும் ஈ.கோலியும் அடங்காத ஈ.கோலியும் பார்க்க ஒரே மாதிரி ரோஸ் மில்க்தான். இப்போது ஊடகத்துக்குள்ளேயே ஆன்டிபயாடிக்கைக் கலக்கிறோம். ஒரு லிட்டர் மெக்கான்கிக்கு நான்கு மில்லிகிராம் செஃபோடாக்சிம். இது மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின். ஆஸ்பத்திரிகளில் தினமும் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியின் உடன்பிறப்பு. சாதாரண ஈ.கோலி இதில் முளைக்காது. முளைத்தால் அதனிடம் இந்த மருந்தை உடைக்கும் என்சைம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். இ.எஸ்.பி.எல். என்று ரிப்போர்ட்டில் எழுதுவது அந்த என்சைம் கூட்டத்தைத்தான்.

கலக்கும் இடத்தில்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த ஊடகத்தில் சூடு ஆறும் முன் மருந்தை ஊற்றினால் மருந்து வீணாகிவிடும். தட்டு பார்க்கப் பிரமாதமாக இருக்கும், எல்லாக் கிருமியும் அதில் கொண்டாட்டமாக வளரும். ஐம்பது டிகிரிக்கு இறங்கிய பிறகு, உறைவதற்குள், கலந்து ஊற்ற வேண்டும். கையில் ஃப்ளாஸ்க்கைப் பிடித்தால் சூடு பொறுக்க வேண்டும் என்பது எங்கள் சீனியர் சொல்லித் தந்த தெர்மாமீட்டர். அதோடு நிற்காமல், ஒவ்வொரு தொகுதித் தட்டிலும் இரண்டு சாட்சிகளை வளர்த்துப் பார்க்க வேண்டும். மருந்துக்கு அடங்கும் என்று உலகம் முழுக்கத் தெரிந்த ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலி அதில் முளைக்கக் கூடாது. அடங்காதது என்று முன்பே தெரிந்த ஒன்று முளைத்தே ஆக வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கிற லேபில் வரும் ரிப்போர்ட் கிளி ஜோசியம்தான்.

முளைத்ததை எல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. என்சைம் உள்ள காலனி தன்னைச் சுற்றியிருக்கும் மருந்தைத் தின்று தீர்த்துவிடும். அந்த நிழலில் ஒதுங்கி, எதிர்ப்பே இல்லாத குட்டிக் காலனிகள் சில தலைதூக்கும். அவற்றைத் தொட்டு எடுத்து அடுத்த டெஸ்ட் போட்டால் பதில் தலைகீழாகிவிடும். அதனால் ஒரே காலனியை எடுத்து, புதுத் தட்டில் கோடு இழுத்து, தூய்மையாக்கிக்கொள்கிறோம். அங்கே ஓர் இரவு போகிறது.

வகுப்பில் பையன்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், மருந்து போட்ட தட்டுல வெச்சதாலதான அது எதிர்ப்பு கத்துக்கிச்சு?" நியாயமான சந்தேகம். எஸ்தர் லெடர்பெர்க்கும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் 1952இல் இதற்கு வெல்வெட் துணியால் பதில் சொன்னார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த காலனிகள்மேல் வெல்வெட்டை ஒற்றி எடுத்து, மருந்துள்ள பல தட்டுகளில் முத்திரை குத்துவது போல் வரிசையாகப் பதித்தார்கள். எதிர்ப்புக் காலனிகள் ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில் முளைத்தன. மூலத் தட்டில் அந்த இடத்துக்குத் திரும்பிப் போனால், மருந்தையே பார்க்காத எதிர்ப்புக் கிருமி அங்கே உட்கார்ந்திருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை. மற்றதைக் கொன்று இதைக் காட்டிக் கொடுத்தது. குடலிலும் அதுதான் நடக்கிறது. சளிக்கு நாமாக வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக், உள்ளே இருக்கும் அரிசியைக் கரைக்கிறது. தட்டில் நாங்கள் வேண்டுமென்றே செய்வதை, வயிற்றில் நாம் தெரியாமல் செய்துகொள்கிறோம்.

அந்த அம்மாவின் சீட்டில் கேட்டிருந்தது இதற்கும் ஒரு படி மேலே. செஃபலோஸ்போரின் வேலை செய்யாதபோது எடுக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கே அடங்காதது இருக்கிறதா என்பது. இவை உள்ளே இன்னும் குறைவாக இருக்கும், ஸ்வாப்பை நேராகத் தட்டில் தேய்த்தால் தவறிப்போகும். அதனால் ஐந்து மில்லி சத்துக் குழம்பில் மெரோபெனெம் என்ற கார்பபெனெம் பத்து மைக்ரோகிராம் ஏற்றிய சின்னக் காகித வில்லை, அதாவது டிஸ்க் ஒன்றைப் போட்டு, ஸ்வாப்பையும் அதில் விட்டு இரவு முழுக்க வைக்கிறோம். ஒரு மில்லிக்கு இரண்டு மைக்ரோகிராம் மருந்து. அதில் நீந்திப் பிழைத்ததை மறுநாள் மெக்கான்கியில் இழுக்கிறோம்.

கல்லும் கரைந்துபோகும் இடம் இதுதான். ஆக்ஸா-48 என்ற குடும்பத்து என்சைம்கள் கார்பபெனெமை மெதுவாகத்தான் உடைக்கும். அதை வைத்திருக்கும் கிருமி சில சமயம் இந்த இரண்டு மைக்ரோகிராமைக்கூடத் தாங்காது. தட்டு சுத்தமாக வரும், ரிப்போர்ட்டில் இல்லை என்று போகும். நம் நாட்டில் அந்தக் குடும்பத்துக்குப் பஞ்சம் இல்லை. ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டில் வளர்ச்சி இல்லை என்று இருந்தால், இந்த மருந்தின் இந்த அளவில் அன்றைக்கு எடுத்த அந்தக் குச்சியிலிருந்து எதுவும் வளரவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். டாக்டர்களிலேயே பலர் இதைக் குடல் சுத்தம் என்று படிக்கிறார்கள் என்பது என் பழைய ஆதங்கம்.

கிருமி கையில் கிடைத்த பின் அது யார் என்று பார்க்க இண்டோல், சிட்ரேட் என்று சில்லறை டெஸ்ட்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு முக்கியமானதற்குப் போகிறேன். எல்லோரும் சென்சிடிவிட்டி என்று சொல்லும் டிஸ்க் டெஸ்ட். 1966இல் பாவரும் கிர்பியும் கூட்டாளிகளும் சேர்ந்து இதற்கு ஒரே சீரான விதிமுறை வகுத்தார்கள். தூய கிருமியை உப்புநீரில் கலக்கி, 0.5 மெக்ஃபார்லேண்ட் என்ற அளவுக்குக் கலங்கலாக்க வேண்டும். மில்லிக்குச் சுமார் பதினைந்து கோடி. அதைப் பஞ்சுக் குச்சியால் தட்டு முழுக்கப் பூசி, ஆறு மில்லிமீட்டர் மருந்து டிஸ்க்குகளை வைத்து, பதினாறிலிருந்து பதினெட்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். மருந்து ஊறிப் பரவிய இடத்தில் கிருமி வளராமல் வட்டம் விழும். வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, அடங்கும் அல்லது அடங்காது என்று எழுதுவோம்.

எளிமையாகத் தெரிகிறது. அகார் நான்கு மில்லிமீட்டர் கனத்தில் இருக்க வேண்டும். தடித்துவிட்டால் மருந்து ஆழத்தில் போய் வட்டம் சுருங்கும், நல்ல மருந்தைப் பயனில்லை என்று எழுதிவிடுவோம். மெலிந்துவிட்டால் நேர்மாறு. கலங்கல் கூடினாலும் வட்டம் சுருங்கும். டிஸ்க் குப்பியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு மருந்து சக்தி இழக்கும்; வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். அதிகம் அடிபட்ட டிஸ்க் குப்பி எது என்று பார்த்தால், அவசரக்காரர் டூட்டியில் திறந்ததாகத்தான் இருக்கும்.

இந்தத் தட்டில் ஊற்றும் ஊடகத்துக்கு முல்லர்-ஹின்டன் என்று பெயர், 1941இல் வந்தது. அதன் சேர்மானம் சேலத்துக்காரனுக்கு உள்ளூர்ச் சமாசாரம். லிட்டருக்கு ஒன்றரை கிராம் ஸ்டார்ச் சேரும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஊரில் ஸ்டார்ச் என்றால் தீனி என்றுதான் நினைப்போம். இங்கே அதன் வேலை, கிருமியின் வளர்ச்சியைக் கெடுக்கும் கொழுப்பு அமிலம் போன்ற நச்சுகளை உறிஞ்சிக்கொள்வது. இன்னொன்று மெக்னீசியம். ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக் கரட்டில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லில் இருப்பது அதே மெக்னீசியம்தான். ஊடகத்தில் மெக்னீசியமும் கால்சியமும் கூடிவிட்டால் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் வீரியம் சில கிருமிகளிடம் குறைந்த மாதிரி தெரியும். அதனால் குழம்பு ஊடகத்தில் லிட்டருக்கு மெக்னீசியம் 10 முதல் 12.5 மில்லிகிராம், கால்சியம் 20 முதல் 25 மில்லிகிராம் என்று அளந்து வைக்கிறார்கள். அதற்குமேல் இஷ்டத்துக்கு விட முடியாது.

செஃபோடாக்சிம் வட்டம் 27 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் இ.எஸ்.பி.எல். சந்தேகம். உறுதிப்படுத்த ஓர் அழகான டெஸ்ட் இருக்கிறது. ஒரு டிஸ்க்கில் செஃபோடாக்சிம் மட்டும். இன்னொன்றில் அதோடு கிளவுலானிக் அமிலம். இந்த அமிலம் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, என்சைமின் கையைக் கட்டிப்போடும். இரண்டாவது வட்டம் முதலாவதைவிட ஐந்து மில்லிமீட்டராவது பெரிதானால், மருந்தை உடைத்தது அந்த என்சைம்தான் என்று நிரூபணம். இரண்டு மருந்து டிஸ்க்குகளுக்கு நடுவில் கிளவுலானிக் உள்ள டிஸ்க்கை வைத்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. அதில் வட்டங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, பூட்டுச் சாவித் துவாரம் மாதிரி வடிவம் விழும். முதல்முறை அதைப் பார்த்த அன்று தட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியவில்லையே என்றிருந்தது.

கார்பபெனெமுக்கு வரும்போது கேள்வி இன்னும் நுணுக்கமாகிறது. கிருமி மருந்தை உடைக்கிறதா, அல்லது வாசலை அடைத்து உள்ளே விடாமல் தப்பிக்கிறதா? உடைப்பது ஆபத்து அதிகம், ஏனென்றால் அந்த என்சைமின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கும். பக்கத்துக் கிருமிக்குக் கைமாறும். இதைக் கண்டுபிடிக்க எம்-சிம் என்ற டெஸ்ட். சந்தேகக் கிருமியைக் குழம்பில் கலக்கி, மெரோபெனெம் டிஸ்க்கை அதற்குள் நான்கு மணி நேரம் ஊறவிடுகிறோம். பிறகு டிஸ்க்கை எடுத்து, சாதுவான 25922 பூசிய தட்டில் வைக்கிறோம். மருந்து பிழைத்திருந்தால் சாது சாகும், 19 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வட்டம் விழும். சந்தேகக் கிருமி மருந்தைத் தின்றிருந்தால் டிஸ்க் வெறும் காகிதம்; சாது அதை ஒட்டியே வளரும், வட்டம் 15க்குள் நிற்கும். விலையுயர்ந்த எந்திரம் ஏதும் வேண்டாம். இதே குழம்பில் ஈ.டி.டி.ஏ. சேர்த்து இன்னொரு குழாய் வைத்தால் இன்னொரு பதிலும் வரும். ஈ.டி.டி.ஏ. துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். துத்தநாகம் இல்லாமல் வேலை செய்யாத என்சைம் என்றால் அது முடங்கி, மருந்து பிழைக்கும்.

துத்தநாகத்தை நம்பியிருக்கும் அந்த என்சைம்களில் நம் நாட்டோடு சேர்த்துப் பேசப்படுவது என்.டி.எம்.-1. டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் பிடிபட்டு, 2009இல் கட்டுரையாக வந்தது. பெயரில் புது டெல்லி இருந்ததால் பெரிய ரகளை. 2010இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை மாதிரிகளும் அதில் இருந்தன. அடுத்த வருடம் டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரிலும் குழாய்த் தண்ணீரிலும் தேடினார்கள். 171 தேங்கிய நீர் மாதிரிகளில் 51இலும், 50 குழாய் மாதிரிகளில் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. பெயர்ச் சண்டையில் நாம் செலவழித்த ஆத்திரத்தில் கால்வாசியைச் சாக்கடைமேல் காட்டியிருக்கலாம்.

கார்பபெனெமும் போனால் கொலிஸ்டின். பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், வேறு வழியில்லாதபோது எடுப்பது. கோழித் தீவனத்திலும் கலந்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவை 2015இல் சீனாவில் கண்ட பிறகு உலகம் விழித்தது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது. சேலத்தார் இதை ஏதோ தொலைதூரச் செய்தியாக வாசிக்க முடியாது. 1997 வரை நம் மாவட்டமாகவே இருந்த நாமக்கல்தான் நாட்டின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்று. லேப் பக்கம் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கொலிஸ்டினுக்கு டிஸ்க் டெஸ்ட் செல்லாது. மூலக்கூறு பெரியது, அகாருக்குள் சரியாக ஊறாது. அடங்கும் கிருமிக்கும் அடங்காததற்கும் வட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். குழம்பில் மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஏற்கப்பட்ட முறை. அந்த அளவுக்கு எம்.ஐ.சி. என்று பெயர். கொலிஸ்டின் டிஸ்க் வட்டத்தை அளந்து எழுதிய ரிப்போர்ட் இன்றும் கண்ணில் பட்டால், மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

எம்.ஐ.சி. பற்றி இன்னொன்று. ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு 0.5, இன்னொன்றுக்கு 4 என்று இருந்தால், சின்ன எண் உள்ளதுதான் சிறந்த மருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. வெள்ளிக் கொலுசின் கிராமையும் மாம்பழத்தின் கிலோவையும் ஒப்பிடுகிற கதை அது.

குடலிலிருந்து கிளம்பியது குடலோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட டிரைசைக்கிள் என்ற வழிமுறை, மனிதர், உணவுக் கோழி, ஆற்று நீர் ஆகிய மூன்றிலும் ஒரே கிருமியை, இ.எஸ்.பி.எல். ஈ.கோலியை, ஒரே எளிய கல்ச்சர் முறையில் எண்ணச் சொல்கிறது. மூன்று சக்கரம், ஆகவே அந்தப் பெயர். திருமணிமுத்தாற்றில் இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடி, உத்தமசோழபுரம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. மலையடிவாரத்தில் ஒரு பாட்டில், ஊரைக் கடந்த பின் ஒரு பாட்டில் எடுக்க வேண்டும். தண்ணீரைத் துளை மிகச் சிறிய சவ்வில் வடிகட்டி, சவ்வை அப்படியே தட்டில் விரிக்க வேண்டும். ஊரைக் கடந்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் காலனிகள் ஒட்டிக்கொண்டு எண்ணவே முடியாது. பத்து, நூறு, ஆயிரம் மடங்கு நீர்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, மருந்தில்லாதது ஒன்று, லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் செஃபோடாக்சிம் உள்ளது ஒன்று. முதல் தட்டில் அறுபது, இரண்டாவதில் ஆறு என்றால் பத்தில் ஒன்று அடங்காதது. இந்த விகிதம்தான் முக்கியம். மழை பெய்தால் ஆற்றில் மொத்த எண்ணிக்கை ஏறும் இறங்கும். விகிதம் அப்படி லேசில் ஆடாது. மேல் பாட்டிலுக்கும் கீழ்ப் பாட்டிலுக்கும் நடுவில் ஊரின் குடல் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மரபணுவை நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடுமே என்பார்கள். தெரியும். ஐந்து கார்பபெனெம் எதிர்ப்பு மரபணு வகைகளை ஸ்வாப்பிலிருந்து நேராகவே சொல்லும் கருவிகள் இருக்கின்றன. ஐ.சி.யூ.வில் அது வரம். ஆனால் செத்த கிருமியின் மரபணுவையும் அது எண்ணும். பட்டியலில் இல்லாத புது மரபணுவைக் கண்டுகொள்ளாது. எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லாது. அதற்கு உயிரோடு ஒரு கிருமி கையில் வேண்டும். என்.டி.எம்.-1ஐ முதலில் காட்டியதும் பட்டியல் இல்லை, கார்பபெனெமுக்கும் அடங்காமல் வளர்ந்து நின்ற ஒரு கிளெப்சியெல்லாதான்.

அந்த அம்மாவின் தட்டில் மூன்றாம் நாள் காலை ரோஸ் நிறத்தில், வழவழவென்று, பத்துப் பன்னிரண்டு காலனிகள். கிளெப்சியெல்லா. நான்காம் நாள் எம்-சிம் டிஸ்க்கை ஒட்டிச் சாதுக் கிருமி வளர்ந்திருந்தது, ஈ.டி.டி.ஏ. குழாயிலிருந்து எடுத்த டிஸ்க்கைச் சுற்றிப் பெரிய வட்டம். துத்தநாக வகை. ரிப்போர்ட் வாங்க மறுபடி மலையிறங்கி வந்தவர், "இதுக்கு என்ன மாத்திரைங்க தம்பி?" என்று கேட்டார். மாத்திரை இல்லை. மாத்திரை கொடுத்தால் சுற்றியிருக்கும் நல்லது செத்து, இதற்கு இடம்தான் கூடும். இது உங்களுக்கு நோய் இல்லைங்கம்மா, உள்ளே சும்மா தங்கியிருக்கிறது என்று சொன்னேன். பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும், சிலருக்கு மறையாது. ஆபரேஷனுக்குப் பிறகு அது ரத்தத்துக்குள் போனால், வழக்கமான ஊசியைப் போட்டு இரண்டு நாள் வீணாக்காமல் டாக்டர் முதலிலேயே வேறு மருந்தை யோசிப்பார். வார்டில் தனிக் கட்டில் கொடுப்பார்கள், தொடுகிறவர்கள் கையுறை போடுவார்கள், அதைக் கண்டு வருத்தப்பட வேண்டாம். "சோப்புப் போட்டுக் கை கழுவணும், அவ்வளவுதானுங்களே?" என்றார். வீட்டில் அவ்வளவுதான் என்றேன். ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அன்று மாலை அவருடைய தட்டுகள் மற்ற தட்டுகளோடு ஆட்டோகிளேவுக்குள் போயின; கிருமிக் கழிவை லேபிலேயே கொன்ற பிறகுதான் மஞ்சள் பையில் வெளியே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஒரு காலனியை மட்டும் கிளிசரால் கலந்த சின்னக் குப்பியில் எடுத்து உறைபெட்டியில் வைத்தோம். குப்பியின்மேல் ஒரு எண், ஒரு தேதி. எட்டு நாள் கழித்து ஆபரேஷன் முடிந்த வார்டிலிருந்து ரத்தக் கல்ச்சர் பாட்டில் ஒன்று வந்தபோது, முதலில் அந்தக் குப்பியைத்தான் தேடி எடுத்தேன். பாட்டிலில் ஐந்து நாளும் எதுவும் வளரவில்லை. குப்பியைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன்.